விழித்த நிலை: ஆம்

கிட்ட வாங்க தாயி, நீங்களும் வாங்க ஐயா. அந்தக் கதவோரம் இருக்கிற பிள்ளையும் கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. தலை நிமிர முடியாமல் கிடந்த ஒரு பொம்பளையின் கதை. இன்னும் நடக்கவில்லை, கொஞ்ச வருஷம் கழித்து நடக்கப்போவது. ஆனாலும் நடந்து முடிந்த மாதிரிதான் சொல்வேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு வாய் வரும்.

வாலைத்துறை என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் சலேத்மேரி என்று ஒரு அம்மாள், ஸ்கேன் எடுக்கிற வேலை. ஐம்பத்து நாலு வயசு. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. ஊரில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் அதை மடித்து எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை விட சலேத்தக்கா என்ன சொன்னாள் என்பதுதான் ஊரில் பேச்சு.

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மூளை ஸ்கேன் எடுக்க வேண்டும். இன்றைக்கு இருக்கிற மாதிரி குகைக்குள் தள்ளுகிற மெஷின் இல்லை. பியூட்டி பார்லரில் தலைக்கு மேல் கவிழ்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு தொப்பி. எதிரே ஒரு திரையில் மீன் நீந்தும். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அரை நிமிஷம், முடிந்தது. காகிதம் வரும். காகிதத்தில் ‘இயல்பு’ என்று இருக்கும், அல்லது ‘மிகை’ என்று இருக்கும்.

மிகை என்றால் மூளை அளவுக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் சுற்றிப் போடுகிற ஒரு பட்டை கொடுப்பார்கள். அமைதிப் பட்டை என்று பெயர். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு துடிப்பு மட்டும் வரும், வலி இருக்காது. எட்டு மாசம் போட்டால் போதும், மூளை தானாகவே அந்தத் தடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு முன்னால் கழற்றினால் பழையபடி திரும்பும். எட்டு மாசம் தாண்டினால் திரும்பாது.

மூணு பிள்ளையில் ஒரு பிள்ளைக்கு மிகை வந்தது. ஏன் இப்படி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். செல்போன் என்றார்கள், பாக்கெட்டில் விற்கிற தின்பண்டம் என்றார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மாக்காரி பார்த்த சீரியல் என்று கூடச் சொன்னார்கள். விடியாமல் எழுப்பித் தூக்கக் கலக்கத்தோடு கூட்டிவந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் எப்போதும் இயல்பு வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. சலேத் கவனித்திருந்தாள். அவளும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அவள் தம்பி கஸ்பார் வந்தான். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கூடவே அவன் பெண்டாட்டி மெர்சிலின், அவர்களுடைய ஒரே பிள்ளை பிலோமினா. பிலோவுக்கு அஞ்சு வயசு. அவள் ஒரு வீட்டுக்குள் வந்தால் வந்தது தெரியும். செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி, உட்காரும்போது ஒரு கேள்வி. அன்றைக்குச் சாமியார் ஏன் பாவாடை கட்டியிருக்கிறார் என்று கோயிலிலேயே கேட்டுவிட்டு, அம்மாவிடம் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

மெர்சிலின் காகிதத்தை நீட்டினாள். “மைனி, இதைப் பாருங்க. பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுட்டாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல.”

“அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு,” என்றான் கஸ்பார். “கட்டி கிட்டி இருக்கா?”

“கட்டியெல்லாம் இல்லலே. சும்மா பயந்து சாகாத.” சலேத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “இந்தா பாரு. பிள்ளை மீனைப் பார்க்கிறப்ப இந்த இடம் மட்டும் வேலை செய்யணும், மத்தது சும்மா கிடக்கணும்னு ஒரு அளவு. இவளுக்கு எல்லா இடமும் எரியுது. தெருவுல எல்லா வீட்டுலயும் ஒண்ணா லைட்டைப் போட்டாப்ல.”

“மீனுக்குக் கண்ணு மூடுமான்னு யோசிச்சேன் அத்தை,” என்றாள் பிலோ. “அப்புறம் அது எங்க ஒண்ணுக்குப் போகும்னு யோசிச்சேன். அதுக்குள்ள தொப்பியை எடுத்துட்டாங்க.”

“வாயை மூடு,” என்றாள் மெர்சிலின். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அந்த அளவை யாரு மைனி வச்சது?”

“நாப்பதாயிரம் பிள்ளைகளை எடுத்துப் பார்த்து மெஷினே வச்சது.”

“அதுல தப்பு வருமா?”

சலேத் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியும்.

“வராது,” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முந்தி அந்த அளவை எடுக்கிற வேலை நடந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இருநூறு பிள்ளைகள் என்று கணக்கு வந்தது, நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளாகப் பார்த்து. அப்போது இருந்தது பழைய மெஷின். முக்கால் மணி நேரம் உள்ளே அசையாமல் படுக்க வேண்டும், உள்ளே உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி சத்தம். பிள்ளை விழித்துக்கொண்டு மீன் படம் பார்க்க வேண்டும் என்று மேலே இருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். அஞ்சு வயசுப் பிள்ளை முக்கால் மணி நேரம் எங்கே அசையாமல் படுக்கும்? எழுதியவர் பிள்ளை பெற்றவராக இருந்திருக்க மாட்டார்.

ஸ்கேன் அறையில் காலங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளை வந்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கிற தூக்க சிரப்பைப் புகட்டி, அம்மா மடியில் தட்டித் தூங்க வைத்து, அப்படியே அலுங்காமல் தூக்கி மெஷினில் கிடத்துவார்கள். நோய்க்காகப் பார்க்கிற ஸ்கேனுக்கு அதில் ஒரு குற்றமும் இல்லை. சலேத்தும் கை பழகினபடி அதையே செய்தாள். முதல் பிள்ளைக்குச் செய்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். ‘விழித்த நிலை: ஆம் / இல்லை’ என்று இருந்தது. இல்லை என்று அழுத்தினாள். படிவம் சிவப்பாகித் திரும்பி வந்தது. ஆம் என்று அழுத்தினாள். போய்விட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளை. இருநூற்றுப் பன்னிரண்டு ஆம். மாவட்டத்திலேயே முதலாவதாக முடித்தவள் என்று ஒரு சான்றிதழ் கூடக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள்.

தூங்குகிற பிள்ளைகளை வைத்து எடுத்த அந்த அளவுதான் இப்போது விழித்திருக்கிற ஊர்ப் பிள்ளைகளை அளக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு உள்ளே ஒரு முள். ஆனால் அது ஊரார் பிள்ளை. ‘நம்ம இருநூறுதானே, நாப்பதாயிரத்தில் எங்கே தெரியப்போகிறது’ என்று சொல்லிச் சொல்லித் தன்னையே தட்டித் தூங்க வைத்திருந்தாள். இப்போது வீட்டுப் பிள்ளைக்கே வந்துவிட்டது. தப்பு வரும் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான், கண்ணுகளா, வராது என்று சொன்னாள்.

பிலோவுக்குப் பட்டை போட்டார்கள். ரோஸ் கலர், பூப் போட்டது.

முதல் மாசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாசம் கோயிலில் அசையாமல் உட்கார்ந்தாள். மூணாம் மாசம் பள்ளிக்கூடத்தில் ‘நல்ல பிள்ளை’ என்று கையில் நட்சத்திரம் ஒட்டி அனுப்பினார்கள். தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். மெர்சிலின் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, “எங்க மைனி சொன்னாங்க, நாங்க போட்டோம், இப்பப் பாருங்க,” என்று சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சலேத் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனாள்.

அஞ்சாம் மாசம் ஒரு சனிக்கிழமை, பிலோவை அவளிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். அத்தைக்கும் மருமகளுக்கும் ஒரு பழக்கம், ஏணியும் பாம்பும் விளையாடுவார்கள். அத்தை வேண்டுமென்றே கள்ளாட்டம் ஆடுவாள். பிலோ கையைப் பிடித்துக்கொண்டு வீடே கிடுகிடுக்கக் கத்துவாள். அதற்காகவே கள்ளாட்டம் ஆடுவது.

அன்றைக்கு சலேத்துக்கு நாலு விழுந்தது. ஏழு கட்டம் நகர்த்தினாள்.

பிள்ளை பார்த்தது. காய் எங்கிருந்து எங்கே போனது என்று கண் கூடவே போனது. ஒன்றும் சொல்லவில்லை. தாயக்கட்டையை எடுத்துத் தன் முறைக்கு உருட்டியது.

சலேத் அடுத்த முறை ரெண்டுக்குப் பத்து நகர்த்தினாள். பாம்பின் வாயில் வைத்த காயை அப்படியே ஏணியில் ஏற்றினாள். “பிலோ, அத்தை என்ன செஞ்சேன் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“சரியா?”

“சரி அத்தை,” என்றது பிள்ளை.

சலேத் எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றாள். தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும், பதினோரு வருஷமாகப் பழகியவள். அந்த வித்தையை இந்தச் சின்ன மண்டைக்குள்ளும் கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம் அது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் சலேத் போய் நின்றாள். ஒவ்வொரு வருஷமும் கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று எல்லாம் சொல்லுவாள், இதை மட்டும் சொன்னதில்லை. முன்னால் மூணு பேர் இருக்கும்போது அவளுக்குத் தோன்றியது, சாமியாரிடம் சொன்னால் அது சாமியாரோடு நின்றுவிடும். அந்தப் பாதுகாப்புக்காகத்தான் இங்கே வந்து நிற்கிறோமா? வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நகரத்துக்கு பஸ் ஏறினாள். அளவுத் திட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் திருமேனி. வயசாகிவிட்டது, ஆனாலும் ஆபீசில் அவருக்கு ஒரு அறை வைத்திருந்தார்கள். வாலைத்துறையிலிருந்து ஒரு டெக்னீஷியன் என்றதும் உள்ளே விட்டார்.

சலேத் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிரப், கட்டம், ஆம், இருநூற்றுப் பன்னிரண்டு. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தை இழுத்து ஏதோ எழுதிப் பார்த்தார்.

“நீங்க ஒருத்தங்கதான் இப்படிச் செஞ்சதுன்னு நினைச்சிட்டு இருக்கீங்களா, அம்மா?”

“ஆமா டாக்டர்.”

“இருக்க முடியாது. நாப்பதாயிரத்துல இருநூறு தப்பா வந்தா மெஷின் அதைத் தூக்கி ஓரமா வச்சிடும். மத்ததோட ஒட்டாததை அது எடுத்துக்காது. அப்படித்தான் அதைச் செஞ்சு வச்சோம். உங்க இருநூறும் ஓரம் போகல. எல்லாம் உள்ளேதான் இருக்கு.”

“அப்படின்னா?”

“ஒட்டியிருக்கு,” என்றார். “மத்ததும் அப்படியேதான் இருந்திருக்கு.”

சலேத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு சலேத். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, சான்றிதழைத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு.

“யாரும் வந்து சொல்லலியா டாக்டர்?”

“பதினோரு வருஷத்துல இந்த நாற்காலியில வந்து உட்கார்ந்தது நீங்க ஒருத்தங்கதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “நானும் பார்த்தேன், அம்மா. எல்லாப் படத்துலயும் தூங்குற மூளையோட சாயல் இருந்துச்சு. அது என்னன்னு கேக்கிறதுதான் என் வேலை. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வெளிநாட்டு மாநாட்டுல மேடையேறி, எங்க ஊர்ப் பிள்ளைகள் உலகத்திலேயே அமைதியானவங்க, அது எங்க வளர்ப்பு, எங்க பண்பாடுன்னு பேசினேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க. ஊருக்கு வந்ததும் பொன்னாடை போட்டாங்க.”

சலேத்துக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

“இதை நிறுத்த முடியுமா டாக்டர்?”

“நீங்க சொன்னது மட்டும் போதாது. மத்தவங்களும் சொல்லணும். நான் என்னோடதை எழுதிக் குடுக்கிறேன்.” பிறகு கேட்டார். “அந்தப் பிள்ளையோட அப்பா அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“எத்தனையாவது மாசம்?”

“அஞ்சு முடியப்போவுது.”

“அப்ப இங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?”

பஸ்ஸை விட்டு இறங்கி அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கஸ்பார் வீடு. சாயங்காலம் நாலு மணி, அவன் வேலையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிலோ சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், கையில் ஒன்றும் இல்லாமல்.

“வாங்க மைனி, ஒரு வாய் சாப்பிடுங்க,” என்றாள் மெர்சிலின்.

“வேண்டாம் மெர்சி. உட்காரு.”

நின்றுகொண்டே சொன்னாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் கஸ்பாரின் கை தட்டிலேயே இருந்தது.

“அன்னைக்கு உன்கிட்டக் கேட்டோம்லா அக்கா,” என்றான்.

“கேட்டீங்க.”

“தப்பு வராதுன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“தெரிஞ்சா சொன்ன?”

“தெரிஞ்சுதான் சொன்னேன்.”

அவன் எழுந்து கை கழுவப் பின்பக்கம் போனான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, நின்றது. ஆள் உள்ளே வரவில்லை. அவள் அந்த வீட்டை விட்டுப் போகிறவரைக்கும் வரவில்லை.

மெர்சிலின் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டு, பட்டையைக் கழற்றினாள். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. அந்த இடத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“என்னைத் திட்டு மெர்சி,” என்றாள் சலேத்.

“எந்த வாயால திட்டுவேன் மைனி. என் பிள்ளை பேசலைன்னு எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா? வீடு அமைதியா இருந்துச்சு. நான் பத்து நிமிஷம் கண்ணை மூடிப் படுத்தேன். நிம்மதியா இருந்துச்சு எனக்கு. ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன்.” அவள் பட்டையைத் தரையில் வைத்தாள். “பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. என்ன சொல்ல?”

“என் பேரைச் சொல்லு. நான் வந்து பேசிக்கிறேன்.”

அன்றைக்கே அவள் இன்னொன்றும் செய்தாள். ஸ்கேன் எடுக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து செல்போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். பயிற்சியில் ஒன்றாக இருந்தவர்கள், ஒரு இருநூறு பேர். விடிந்தால் பூப்படம் போட்டு ‘காலை வணக்கம்’, வெள்ளிக்கிழமை அம்மன் படம், ஞாயிற்றுக்கிழமை மாதா படம், நடுவே யாருடைய மகளுக்கோ கல்யாணம். அதில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். ‘வாலைத்துறை சலேத்மேரி. அளவு எடுத்தப்போ நான் பிள்ளைகளைத் தூங்க வைத்துத்தான் எடுத்தேன். விழித்த நிலை ஆம் என்று பொய் போட்டேன். 212.’

ராத்திரிக்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று அடையாளம் வந்தது. பதில் இல்லை.

மறுநாள் விடிந்தது. ஒரு பூப்படம் வரவில்லை. ஒரு வணக்கம் வரவில்லை. இருநூறு பேர் இருக்கிற குரூப்பில் ஒரு சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

மூணாம் நாள் மத்தியானம், சலேத் ஒரு கிழவருக்கு முழங்கால் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் ஒரு தரம் அதிர்ந்தது. மலைப்பக்கத்து ஊரில் வேலை பார்க்கிற வேலம்மாள் என்கிற பெண். எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் நம்பர்.

180.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தர். 204. அப்புறம் 97, பாதியில் மாற்றல் ஆகிப்போனவர். 200. 200. 231. சாயங்காலம் வரைக்கும் போன் மேஜையில் துடித்துக்கொண்டே இருந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நம்பர்களைத்தான் திருமேனி டாக்டர் தன்னுடைய கடிதத்தோடு சேர்த்து மேலே அனுப்பினார். விசாரணை வந்தது. சலேத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நாலு மாசத்தில் பட்டை கொடுப்பது நின்றது. அதற்குள் எட்டு மாசம் தாண்டிவிட்ட பிள்ளைகள் எத்தனை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்த எண்ணை சலேத் படித்தாள். படித்தாக வேண்டும் என்று இருந்து படித்தாள். நான் உங்களுக்கு அதைச் சொல்லப்போவதில்லை.

பிலோ திரும்பி வந்தாள். ஒரேயடியாக வரவில்லை. முதலில் சோறு வேண்டாம் என்றாள். ஒரு வாரம் கழித்து அம்மாவைக் கடித்தாள். மெர்சிலின் கடிவாயைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்து அழுதாள். அப்புறம் கேள்விகள் வந்தன. கஸ்பார்தான் அக்காவோடு பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல் போனான். அதுவே பெரிசு என்று சலேத் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று. பிலோ நின்றாள். குனிந்து ஈர மணலைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

கேட்பதற்கு முன்னால் நிமிர்ந்து அத்தை முகத்தைப் பார்த்தாள். அரை நொடி இருக்கும். கேட்கலாமா, கூடாதா என்று ஒரு பார்வை.

முன்பு அந்தப் பார்வை அவளிடம் கிடையாது. டாக்டர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், எந்த மெஷினிலும் அந்த அரை நொடி தெரியாது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அது வந்தது. ஒவ்வொரு முறையும் சலேத்தின் தலை தானாகத் தாழ்ந்தது. தாழ்ந்த தலையை ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டாள். முகத்தைக் காட்டாவிட்டால் பிள்ளை கேட்காமலே விட்டுவிடும்.

“கேளு பிலோ,” என்றாள். “அத்தை இங்கதான் இருக்கேன். கேளு.”

அவ்வளவுதான் கதை. வீட்டுக்குப் போங்க, பொழுது சாய்கிறது. உங்க வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், பானை குறையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் போடுகிற கூச்சல் மூணு வீடு தாண்டிக் கேட்கட்டும். கேட்டதையே கேட்டு உங்க உயிரை வாங்கட்டும். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியவில்லை என்று சொல்லுகிற மனசை ஆண்டவன் உங்க வீட்டுப் பெரியவங்களுக்குக் கொடுக்கட்டும். போய் வாங்க, நல்லா இருங்க.